ஏழு கப்பல் மாப்பிள்ளை

கிழக்கு ஆப்பிரிக்காவின் இந்த லாமு கடற்கரைக் கூட்டத்தில் தலைமை நாற்காலியை நிறைத்து, என் தலையையும் முப்பது ஆண்டுகளாகக் குனிய வைத்திருக்கும் மாமனார் ஷேகுவே அவர்களே! வெயிலுக்கு முன்பே வந்து நிழலைப் பிடித்துக்கொண்ட பெரியோர்களே! சமோசாக் கூடையை மடியைவிட்டு இறக்காத தாய்மார்களே! அலையலையாய் வந்து அமர்ந்திருக்கும் அன்பர்களே! அனைவருக்கும் என் ஸலாம்.

சுவாஹிலி என்ற நம் மக்களின் பெயரைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் பெண் கேட்கப் போன கதையைச் சொல்கிறேன். இரண்டும் ஒன்றுதான். ("கேட்ட கதைதான்!" என்கிறார் படகுக்காரர் பகாரி. காதைப் பொத்திக்கொள்ளும், கேளாதவர்கள் கேட்கட்டும்.)

அந்நாளில் எங்கள் தெருவில் சுவாஹிலி என்று சொல்லிக்கொள்ள ஆளே இல்லை. ஒருவன் அரேபியா என்பான், ஒருவன் பாரசீகம் என்பான். பக்கத்துச் சந்தில் பிறந்தவனுக்குப் பல்லாயிரம் மைலுக்கப்பால் பாட்டன்! அடியேன் மட்டும் சளைத்தவனா? ஒரு வம்சாவளியை எழுதி, காபியில் முக்கி, காயவைத்து, பழுப்பேற்றி எடுத்துக்கொண்டு நம் தலைவர் வீட்டுக்குப் போனேன்.

"எங்க முன்னோருங்க பாரசீகத்து ஷிராஸ் நகரத்துலேர்ந்து ஏழு கப்பல்ல வந்தவங்க, மாமா."

"மாமாங்கிறதெல்லாம் அப்புறம்." காகிதத்தை முகர்ந்தார். "ஏன் தம்பி, ஷிராஸ்லயும் இஞ்சி போட்ட காபிதானா?"

திரைக்குப் பின்னாலிருந்து என் மிஷி, அன்று இன்னும் என்னுடையவள் ஆகாத மிஷி, குரல் கொடுத்தாள்: "வாப்பா, ஷிராஸ்ல கடலே இல்லையாமே! ஏழு கப்பலையும் எந்தத் தெருவுல கட்டி வச்சிருந்தாங்கன்னு கேளுங்க!"

அடி எனக்கு மட்டும் விழவில்லை. ஏனென்றால் அதே ஏழு கப்பல்கள் மாமனாரின் சுவரிலும் அவர் வம்சாவளியாய்க் கண்ணாடிச் சட்டத்துக்குள் நின்றுகொண்டிருந்தன!

அவர் சுவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "கடைசியா கேக்கறேன். நீ யாரு?"

பெண் கைநழுவிப் போய்விட்டாள் என்றே முடிவுகட்டினேன். போவதுதான் போகிறது, உண்மையோடு போகட்டுமே! "இந்தக் கரையில பொறந்தேன். இந்தக் கரையில மீன் வாங்கறேன். வேற ஒண்ணும் தெரியாது. நான் சுவாஹிலிங்க."

என் காகிதத்தை மடித்து ஓரமாக வைத்தார். பிறகு ஒரு கோப்பையை என் பக்கம் தள்ளினார். "இந்தக் காபியையாவது குடி. எதையும் நனைக்காதே."

அன்பர்களே! 'சவாஹில்' என்றால் அரபியில் கரைகள். வாடைக்காற்றில் வந்த அரபு வணிகன் கப்பலிலிருந்து கண்டது கரை, கரையென்றே அழைத்தான். அழைத்த பெயரை நாம் அணிந்துகொண்டோம். உன் பாட்டன் யார் என்று கேட்கிறதா அந்தப் பெயர்? உன் நிறம் என்ன என்று கேட்கிறதா? வந்தாயா, நின்றாயா, எங்கள் மொழியில் வாயாடினாயா, நீயும் எங்களவன் என்கிறது!

அந்தச் சட்டம் இன்றும் மாமனார் வீட்டுச் சுவரில்தான் தொங்குகிறது. (தலைவர் முறைக்கிறார்.) தொங்கட்டும்! ஏழு கப்பல்களும் எங்கிருந்தோ வந்திருக்கட்டும். வந்து நின்ற இடம் இந்தக் கரைதானே?

பொறுத்துக் கேட்ட உங்களுக்கு நன்றி. பெண்ணைக் கொடுத்த தலைவருக்கு முதல் ஸலாம். கூடையை இனியாவது திறக்கப்போகும் தாய்மார்களுக்கு நிறைவு ஸலாம்!