பீசா சொல்லிக் கெட்ட பட்டறை

அலைகடலையே முற்றமாகக் கொண்ட மக்காசார் சிறுதொழிலோர் சங்கத்தின் தலைவர் டாயெங் மங்காசி அவர்களே, உளியோடும் உலையோடும் உறவாடி உரமேறிய மூத்தோர்களே, மீன் தரம் பிரித்த ஈரம் உலராத கைகளோடு வந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம்.

நான் இர்ஃபாண்டி. இயந்திரப் பொறியியல் படித்தவன். சுற்றி வளைக்கத் தெரியாது.

எதற்காகப் பட்டறை திறந்தேன்? பேருக்கா? புகழுக்கா? படகு எஞ்சினைச் சூடேறாமல் காக்கும் கடல்நீர்ப் பம்பு நடுக்கடலில் நின்றுபோனால், ஒரே ஒரு ஸ்பானரால் மீனவரே கழற்றிச் சரிசெய்ய வேண்டும். அப்படி ஒரு பம்பு! நானும் என் கூட்டாளி பாசோவும் கண்ட கனவு அது ஒன்றுதான்.

பிறகு வந்தது ஒரு சொல். கேட்டவருக்கெல்லாம் ‘முடியும்’ என்று நாம் மூச்சுவிடாமல் சொல்லும் ‘பீசா’. மாவரைக்கும் இயந்திரமா? பீசா. கல்யாண ஒலிபெருக்கியா? பீசா. கைபேசியா, மீன்தொட்டியா? பீசா, பீசா! சிரிக்கிறீர்கள். உங்கள் கடைப் பலகையில் எத்தனை வரி என்று எனக்கும் தெரியும்.

பலகை வளர்ந்தது, பம்பு வளரவில்லை. பாசோ ஒருநாள் கேட்டான்: “நீ பம்பு செய்யுற ஆளாடா, இல்ல பீசா சொல்ற ஆளா?” அதற்குள் தொலைபேசி அடித்தது. எடுத்து, பீசா என்றேன். அந்த வாரமே அவன் பாலிக்பாப்பான் கப்பல் பட்டறைக்கு வேலைக்குப் போய்விட்டான்.

பறவைமீன் முட்டை சேகரிக்க எல்லாப் படகும் கடலுக்குப் போகும் பருவம் வந்தது. மீனவர் டாயெங் நொம்போ தம் படகின் பம்பைக் கழற்றிக் கொண்டுவந்தார். இரண்டே நாளில் பீசா என்றேன். பிரித்துப் போட்டுவிட்டு, வேறோர் ஊர்க் கல்யாணத்துக்கு ஒலிபெருக்கி கட்டப் போனேன். திரும்பி வர ஒன்பது நாள் ஆகிவிட்டது. அத்தனை படகும் கடலில். அவர் படகு மட்டும் கரையில்.

“முடியாதுன்னு அன்னிக்கே சொல்லியிருந்தா வேற ஆளப் பாத்திருப்பேன்ல, தம்பி? பீசான்னா நம்ம பேச்சுல விஷம்னும் ஒரு அர்த்தம் இருக்கு. நீ எதச் சொன்னேன்னு இப்பத்தான் புரியுது.”

கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் கத்தவில்லை.

பலகையை இறக்கினேன். ‘முடியாது’ சொல்லப் பழகினேன். பாராட்டினார்களா? படித்த திமிர் என்றார்கள். பிறகு அதைச் சொல்லவும் யாரும் வரவில்லை. என் குரலை நானே கேட்பதற்காக அளவுகளை உரக்கச் சொல்லிக்கொண்டே என் பம்பின் பாகங்களைக் கடைந்தேன். நானும் பாசோவும் சாப்பிடும் சூப்புக் கடைக்காரர் மட்டும், “இன்னிக்கும் ஒத்தக் கிண்ணந்தானா?” என்பார். பாசோவுக்கு வரைபடம் அனுப்பினேன். பார்த்திருக்கிறான். பதில் இல்லை.

நண்பர்களே, வழிதவறியதைக் கண்டுபிடிப்பது எளிது. திரும்பி நடக்கையில் துணைக்கு எவரும் வருவதில்லை. இதை மேடையில் எவரும் சொல்வதில்லை, நான் சொல்கிறேன். தனியே நடக்க வேண்டும். தளர்ந்தாலும் நடக்க வேண்டும். தடம் தெரியாவிட்டாலும் நடந்தே ஆக வேண்டும்!

பம்பு முடிந்துவிட்டது. நாளைக் காலை டாயெங் நொம்போவின் படகில் கடலுக்குப் போகிறது. நடுக்கடலில் அவரே கழற்றி மாட்டுவார். நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது அவர் நிபந்தனை. ஓடுமா? தெரியாது.

படியேறும்போது தலைவர் கேட்டார், சங்கத்தின் செயலாளராக இருக்க முடியுமா என்று. பழைய பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. தலைவரே, மன்னியுங்கள். முடியாது. எனக்கு ஒரு பம்பு இருக்கிறது.

இவ்வளவு நேரம் எனக்குப் பேச்சுத்துணையாக இருந்த உங்கள் செவிகளுக்கு நன்றி. உங்கள் எல்லோருக்கும் என் ஸலாம்.