வெள்ளிக்கிழமைப் பணிஸ்

சென்ட் லோரன்டில், தாய்வான்காரியின் மிளகு இறைச்சி அடைத்துச் சுட்ட பணிஸ் விற்கும் கடையில் ஞாயிறு மத்தியானம் வழக்கம்போல் நீண்ட வரிசை. இந்த உறைப்பு என் பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளுமா என்று யோசித்தபடி, அவனைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றேன். எனக்கு முன்னால் ஒரு யாழ்ப்பாணத்தவர். பக்கத்தில் அவர் மனைவி. அந்த வாரம்தான் ஊரிலிருந்து வந்து இறங்கியவள் என்பது பேச்சில் தெரிந்தது.

அவரைக் கண்டதும் கடைக்காரி ஆங்கிலத்தில் கேட்டாள்: "மிஸ்டர் ஃப்ரைடே! என்ன, ஞாயிற்றுக்கிழமை வந்திருக்கிறாய்?"

மனைவி அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"வெள்ளிக்கிழமையிலயோ இறைச்சி திண்டனீங்கள்?"

"ஃபக்டரி விட்டு வரேக்கை பசி. இந்த வாசம் ஆளை விடாது."

"விரதம் விடேல்லை எண்டெல்லோ கடிதத்திலை எழுதினீங்கள்?"

"நீர் அங்கை எனக்காகப் பட்டினி கிடக்கேக்கை எப்பிடி உண்மையை எழுதிறது?"

"உங்கட அகதிக் கேஸ் சரிவரவேணுமெண்டு மூண்டு வருசம் வெள்ளியிலை ஒரு வாய் சோறு தின்னேல்லை நான்."

"சரிவந்ததுதானே. அது உம்மட விரதத்தாலைதான்."

நான் கேளாததுபோல் பிள்ளையின் தொப்பியைச் சரிசெய்தேன். கடைக்காரி இரண்டு பணிஸ் போட்ட பையை நீட்டினாள். மனைவியே அதை வாங்கி, ஒன்றை எடுத்து, நின்ற இடத்திலேயே கடித்தாள். களைத்த முகத்தோடு மெதுவாக மென்று விழுங்கினாள்.

"இன்னும் ரெண்டு வாங்குங்கோ," என்றாள். "மூண்டு வருசத்து வெள்ளிக்கு இது காணாது."