இடது பக்கம்

இல்லங்க, பூட்ஸ உள்ள எடுத்து வச்சிருங்க, வெளிய விட்டா பனி மூடிரும். உக்காருங்க. நாளையிலேருந்து உங்க வீடு, இதுல என்ன கூச்சம்?

உங்க வீட்டுக்காரர்கிட்ட என்ன சொன்னாங்க? அனுபவத்துக்காகவா? ரெண்டே வருஷமா? எங்க வீட்டுக்காரர் குவபாராகிட்டயும் அதத்தாங்க சொன்னாங்க. டோக்கியோ ஆபீஸ்ல விருந்து வச்சு, பூச்செண்டு குடுத்து, கை தட்டித்தான் அனுப்பினாங்க. ஆச்சு, அஞ்சு வருஷம்.

அப்படி என்ன தப்பு பண்ணாருன்னா, மீன் டப்பால பழைய தேதியக் கிழிச்சிட்டுப் புதுசு ஒட்டாதீங்கன்னார். டைரக்டர் மூஞ்சிக்கு நேராவே சொன்னார்.

சசென்னு வாய்விட்டு யாரும் சொல்லலீங்க. மாற்றல்னுதான் சொன்னாங்க. எம்பொண்ணுதான் ஒருநாள் சாப்பிடும்போது, சசென்னா என்னப்பா, கிளாஸ்ல உங்கள அப்படிச் சொல்றாங்கன்னா. அவர் குச்சியக் கீழ வச்சிட்டு, வாத்தியார் மாதிரி நிதானமா சொன்னார். இடது பக்கம் நகத்துறதுன்னு அர்த்தம்மா, அந்தக் காலத்துல வலது ஒசத்தி, இடது மட்டம்னு. அப்ப நீங்க மட்டமாப்பான்னு கேட்டுட்டா. கிண்ணத்தக் கழுவி வச்சிட்டுக் குளிக்கப் போயிட்டார்.

இங்க என்ன வேலையா? காலிக் கிடங்குங்க. அதுக்கும் தினம் டை கட்டிக்கிட்டுப் போவார். அப்புறம் டையும் போச்சு, பேச்சும் போச்சு.

போன மாசம் அதே டைரக்டர் நண்டு சாப்பிட வந்தார். இந்த ரூம்லதான். நண்டுக் கால ஒவ்வொண்ணா உடைச்சு, சதைய எடுத்து அவர் தட்டுல வச்சார் எங்க வீட்டுக்காரர். தேதி விஷயத்துல நான்தான் அவசரப்பட்டுட்டேன்னு தலையக் குனிஞ்சு வேற சொன்னார். நான் அவங்களுக்கு சாக்கே, அதான் அரிசி மது, ஊத்திக்கிட்டிருந்தேன்.

ஆமா, அதுக்கப்புறந்தான் திரும்பக் கூப்பிட்டாங்க. ஆனா இங்க யாராவது இருக்கணுமே. உன் எடத்துக்கு யாரப் போடலாம், நீயே சொல்லுன்னார் டைரக்டர்.

குடிங்க, டீ ஆறுது.

உங்க கல்யாணத்துல எங்க வீட்டுக்காரர்தானே எழுந்து பேசினார், ஹிசாமட்சு எனக்குத் தம்பி மாதிரின்னு? அந்தத் தம்பி பேரத்தாங்க சொன்னார். யோசிக்கக்கூட இல்ல. அவன் எதுத்துப் பேச மாட்டான், நல்ல பையன்னு சொன்னார்.

நானா? இல்லங்க, டோக்கியோவுக்கு அவர் மட்டுந்தான் போறார். நானும் பொண்ணும் ஒத்தாரு ஊர்ல இருக்கிற எங்க அக்கா வீட்டுக்குப் போறோம்.