அந்தச் சூடு எங்க போகுது?

கதிரையெல்லாம் வேணாம் தம்பி, நின்னுக்கிட்டே பேசுறேன். உக்கார வச்சு ஒரு டீயக் குடுத்து அனுப்பிடலாம்னு பாக்குறீங்க. இந்தாங்க பெட்டி. உள்ளுக்கு இருக்கிறது போன மாசம் எங்க மக யசோதினிக்கு, கம்ப்யூட்டருல படம் வரையுறதுக்குன்னு நீங்க குடுத்த அதே கார்ட்தான். மாத்திக் குடுங்க.

இல்ல, ஒடையல. நல்லாத்தான் ஓடுது. ஒடஞ்சிருந்தா நான் திகனயிலருந்து கண்டிக்கு இவ்வளவு கோவத்தோட பஸ்ல நின்னுக்கிட்டே வந்திருக்க மாட்டேன்.

பேரு என்னா, அரூஸா? சரி, அரூஸ் தம்பி. அன்னைக்கு எம்மவ இந்த எடத்துலதான நின்னா? நானும் நின்னேன், இந்தக் கண்ணாடி அலுமாரிக்கிட்ட. நீங்க எங்க என்னையப் பாத்தீங்க, பை தூக்க வந்த பொம்பளதான! அவ கேட்டது ஒரே கேள்வி. எங்களுக்கு இருக்கிறது ஒரு ரூம், தகரக் கூரை, சூடு இல்லாத கார்ட் எது அண்ணேன்னு. நீங்க மூணு ஃபேன் வச்ச இந்த ராசாவத் தூக்கி வச்சீங்க. மத்ததெல்லாம் எண்பது டிகிரி போகும், இது அறுபதத் தாண்டாது, கடையிலயே இதுதான் கூல்னீங்க. புள்ள நம்பிட்டா.

ஆமா, அறுபதுதான் காட்டுது. நான் இல்லன்னேனா? கார்ட் குளுகுளுன்னுதான் இருக்கு. நான் கேக்கிறது, அந்தச் சூடு எங்க போகுது?

சிரிக்காதீங்க. நான் அஞ்சாம் வகுப்புத் தாண்டல. ஆனா பதினெட்டு வருசம் தேயிலை ஸ்டோருல கொழுந்து வாட்டுற எடத்துல நின்னவ. நீட்டுக்குக் கம்பி வலை, அதுக்கு மேல கொழுந்து, ஒரு தலைப்புல அடுப்பு, அதுக்கு முன்னால ஆள் உசரத்துக்கு ஃபேன். ஃபேன் சூட்டக் கொல்லாது தம்பி, தள்ளும். இங்க இருக்கிறத அங்க தள்ளும். அது நல்லா ஊதினா அடுப்பு ஆறும், கொழுந்து வாடும். மூணு ஃபேனுன்னா கேக்கணுமா?

பெட்டிக்குப் பின்னால முந்நூறுன்னு போட்டிருக்கு பாருங்க. இங்கிலீஸ் வராது, நம்பர் வரும். முந்நூறு வொட்டுன்னா நூறு வொட்டுக் குண்டு பல்ப்பு மூணு. காலையில ஏழு மணிக்குப் பத்த வச்சா பொழுது சாயிற வரைக்கும் எரியுது. இதப் பத்தி ஒரு வார்த்த சொன்னீங்களா?

ஏசியா? ஏசி போடுறவன் தகரத்துக்குக் கீழ ஏன்யா இருக்கான்? ஜன்னலத் தொறந்தா கொரங்கு வருது. போன கெழம மாத்திர டப்பாவத் தூக்கிக்கிட்டுப் போயி மரத்துல உக்காந்து ஒவ்வொண்ணா உரிச்சுத் துப்புது.

கம்ப்யூட்டர் பெட்டியத் திருப்பி வைக்கவா? அங்கிட்டுத் திருப்பினா கேஸ் சிலிண்டரு. இங்கிட்டு செவுரு. மிச்சம் இருக்கிறது கட்டிலுதான். கட்டில்ல எங்க வீட்டுக்காரரு கெடக்கிறாரு. பாரிசவாதம் வந்து ரெண்டு வருசம். தானாப் பொரள முடியாது, பேச்சும் போச்சு. அந்த மூணு ஃபேனும் ஊதுறது நேரா அவரு முதுகுல. மூணு வாரமா தலகாணி நனையுது. நான் காச்சல்னு நெனச்சு பெனடோலக் கரைச்சுக் கரைச்சு ஊத்திக்கிட்டு இருக்கேன்.

அந்தா, மேத் தட்டுல இருக்கே, ஒத்த ஃபேன் வச்ச சின்னது, அதக் குடுங்க. யசோ நம்பர் எழுதித் தந்திருக்கா, நூத்திப் பதினஞ்சு வொட்டு. எழுவத்தஞ்சு டிகிரி போகுமா? போகட்டும். அது அதோட சூடு, எங்க சூடு இல்ல. மெதுவாத்தான் ஓடுமா? ஓடட்டும். அவ கட்டாத வீட்டக் கட்டின மாதிரி வரைஞ்சு காட்டுறவ, நீச்சல் கொளத்தோட. இருவது நிமிசத்துல வர்ற படம் ஒரு மணித்தியாலத்துல வரும், உக்காந்திருப்பா. ஆனா திங்கக்கெழம அனுப்பலன்னா வேலை போயிடும். அதனால நான் வெறுங்கையோட எறங்க மாட்டேன்.

என்னாது, வெயிலாவும் இருக்கலாமா? கார்டாலதான்னு எப்பிடித் தெரியுமா? அவருதான் சொன்னாரு.

ஆமா, பேச்சு போச்சுன்னுதான் சொன்னேன். டொக்டர்மாரும் இனி வராதுன்னுதான் சொன்னாங்க. நேத்துப் பகல் சோறு ஊட்டப் போறேன், வாய் கோணிக்கிட்டுப் போகுது. பயந்துட்டேன். வேகுதுடின்னாரு. எம் பேரு இல்ல, மக பேரு இல்ல. வேகுதுடி. யசோ ஓடி வந்து ப்ளக்கப் புடுங்கிட்டு, அப்பா இன்னொருக்காச் சொல்லுங்கப்பான்னு அழுறா. பொறவு ஒண்ணும் இல்ல.

இன்னைக்குக் காலையில அவ கார்டக் கழட்டப் போனா. இருடி, நேத்து நின்னுபோன படம் மூணு இருக்கே, அதுகள ஓட விட்டுட்டுக் கழட்டுன்னேன். படத்துக்காக இல்ல தம்பி. ஒரு மணித்தியாலம் அவரு வாயையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். வேர்வ தண்ணியா ஊத்துது, நான் தொடைக்கக்கூட இல்ல. ஒரு சொல்லு வரல.

இது எங்க வீட்டுல இருக்கக் கூடாது. அந்தச் சின்னத எறக்குங்க.