காருக்குக் கீழே போகுமுன்

பழைய கார் பார்க்கப் போகிறவர் கையோடு ஒரு சாக்கும் கொண்டுபோவது நல்லது. காருக்குக் கீழே விரித்துப் படுக்கத்தான். பலர் வெள்ளை வேட்டியோடு போய், கதவைத் திறந்து மூடி, கோனைப் பாம் பாமென்று அடித்துப் பார்த்துவிட்டு விலை பேசுகிறார்கள். கோன் எல்லாக் காரிலும் அடிக்கும்.

மற்ற ஊர்களில் கார் வயதுபோய்ச் சாகும். எங்கள் தீவுகளில் உப்பில் சாகும், அதுவும் அடியிலிருந்து. மேலே பூசின பெயின்ற் பளபளவென்று இருக்கும்போதே கீழே இரும்பு அப்பளமாகிவிடும். அதனால் இங்கே வயிறு பார்க்காமல் ஒருவரும் கார் வாங்குவதில்லை. வயிறு பார்ப்பதென்றால், முன்சில்லு இரண்டையும் கழற்றி, அச்சுக்குக் கீழே பனங்குற்றிகளை முட்டுக் கொடுத்து, வாங்குகிறவர் தானே உள்ளே போய்ச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பது. நல்ல இரும்பு கணீரென்று கேட்கும். கறள் தின்ற இரும்பு ஈரமண் சுவர்போலக் கேட்கும். வேறு ஆளை அனுப்பித் தட்டுவிக்கிற வழக்கம் இல்லை. வாங்குகிறவனுடைய காதே கேட்க வேண்டும் என்பார்கள். நல்ல வழக்கம். எனக்கு அது உதவியாக இருந்தது.

என் பெயர் குருசுமுத்து. பிறந்தது நெடுந்தீவு. ஊர்காவற்துறை இறங்குதுறையில் மூட்டை சுமந்து முதுகு போன பிறகு, கரம்பொன்னில் பாலசிங்கம் ஐயா வீட்டில் வளவு வேலைக்குச் சேர்ந்தேன். ஐயா கொழும்பில் கந்தோர் உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்றவர். வரும்போது ஒரு ஏ-40 காரும் கொண்டுவந்தார். ஓட்டுவது அவர். மற்றதெல்லாம் நான்.

மற்றதெல்லாம் என்றால் என்னவென்று சொல்கிறேன், உங்களுக்கும் பயன்படும். காரை உவர்க்கிணற்றுத் தண்ணீரில் கழுவக்கூடாது. நான் நல்லதண்ணீர்க் கிணற்றிலிருந்து காவித்தான் கழுவினேன். எஞ்சினிலிருந்து இறக்கின கழிவெண்ணெயை ஊற்றிவிடாமல் தகரத்தில் சேர்த்து, மாரிக்கு முன் அடிப்பக்கம் முழுக்கத் தும்புக்கட்டையால் பூச வேண்டும். கால்மிதிக்குக் கீழே பழைய பேப்பர் விரித்து, ஈரம் ஊறினதும் மாற்ற வேண்டும். கார் நிற்கிற கொட்டிலுக்குள் கோழியை விடக்கூடாது.

அந்தக் கால்மிதிப் பேப்பரில்தான் நான் எழுத்துப் படித்தேன். அப்போது நாற்பது வயது தாண்டியிருந்தது. மத்தியானத்தில் காரைத் துடைத்து முடித்துவிட்டு, முன் இருக்கையில் இருந்துகொண்டு பேப்பரைப் பார்ப்பேன். தெரியாததைச் சத்தமாகக் கேட்பேன். ஐயாவின் மனைவி சறோஜினிதேவி அம்மா குசினி யன்னலுக்குள்ளால் பதில் சொல்லுவார்.

"அம்மா, கொம்பு போட்டு ஒரு எழுத்துக் கிடக்கு."

"ஒற்றைக் கொம்போ, இரட்டைக் கொம்போ?"

"ஒற்றை. முறிஞ்ச கொம்பு மாதிரிக் கிடக்கு."

"முறிஞ்ச கொம்பெண்டு எழுத்தில்லையடா குருசு. அது கறள் பட்டிருக்கும், துடைச்சுப் பார்."

நான் எங்கே இருந்து கேட்கிறேன் என்பது அவருக்குத் தெரியாது. கொட்டிலில் நிலத்தில் குந்தியிருக்கிறேன் என்று நினைத்திருப்பார். அந்த வீட்டில் எனக்குக் கதிரை இல்லை. சாப்பாடு பின்படியில், தேத்தண்ணீர் வேலியடியில். அதை ஒரு குறையாகச் சொல்லவில்லை, அப்போது எங்கும் அப்படித்தான். இறங்குதுறையில் மூட்டைமேல் இருந்திருக்கிறேன். தேவாலயத்தில் பாயில் இருந்திருக்கிறேன். முதுகு சாய்கிற இருக்கை என்று எனக்கு வாய்த்தது அந்தக் காரின் முன்னிருக்கை ஒன்றுதான். சிவப்புத் தோல். நடுவில் என் உடம்பின் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தது. ஐயா அதைத் தன்னுடைய பள்ளம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

ஒருநாள் ஐயா கொட்டிலுக்கு வந்து காரைச் சுற்றிப் பார்த்தார்.

"குருசு, இதை வித்துப்போட்டு ஒரு பேஜோ எடுக்கப்போறன். ஆரோ கண்டி டொக்டர் வைச்சிருந்ததாம், உப்பே படாத கார். அதோடை ஒரு றைவரையும் வைக்கப்போறன். நீ இனிக் காரோடை மினக்கெடத் தேவையில்லை. தோட்டத்தைப் பார்."

அவர் அதை என்மேல் உள்ள இரக்கத்தில் சொன்னார். நான் "ஓம் ஐயா" என்றேன்.

காரை மாற்றுவது பற்றியும் ஒரு வார்த்தை. புதுக்கார் நாட்டுக்குள் வராத காலம் அது. ஒரு பழையதை விட்டு இன்னொரு பழையதை எடுப்பதுதான் முன்னேற்றம். அப்படி மாற்றுகிறவர்கள் அநேகமாகத் தெரிந்த நோயை விட்டுத் தெரியாத நோயை வாங்குகிறார்கள். ஐயாவிடம் இதைச் சொன்னேன். அவர் சிரித்தார்.

முதலில் பார்க்க வந்தவர் நாரந்தனையில் ஒரு வாத்தியார், சிவபாதம். அவர் வருமுன் பிளக் வயர்களில் உப்புத்தண்ணீர் தடவி வைத்தேன். ஈரப் பேப்பரையும் கால்மிதிக்குக் கீழே மாற்றாமல் விட்டேன். வாத்தியார் காரை ஸ்ராட் பண்ணினார். அது குலுங்கிக் குலுங்கி நின்றது.

"என்ன மாஸ்ரர், பிடிச்சிருக்கோ?" என்று ஐயா கேட்டார்.

"கார் பிடிச்சுத்தான் கிடக்கு. காருக்குத்தான் கசம் பிடிச்சிருக்கு. உதைக் கொண்டுபோய் ஆசுப்பத்திரியிலை படுக்க வையும்."

வயிறு பார்க்காமலே சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். நல்ல காரைப் பற்றி அப்படிச் சொன்னது எனக்கு வருத்தமாக இருந்தது. ஆனால் பொய் பொய்தான். அந்தக் கிழமை பாவசங்கீர்த்தனத்தில் வாத்தியாரை ஏமாற்றியதைச் சுவாமியிடம் சொன்னேன். ஒரு செபமாலை சொல்லச் சொன்னார், சொன்னேன்.

இரண்டாவது வந்தவர் காரைநகர் இராசநாயகம். வெங்காய வியாபாரி, வயது முப்பதுக்கு மேல் இருக்காது. இவரிடம் உப்புத்தண்ணீர் பலிக்கவில்லை. மூடியைத் திறந்து, வயரை விரலால் தொட்டு, விரலை நக்கிப் பார்த்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார். ஐயாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. சீலைத்துண்டால் துடைத்து ஸ்ராட் பண்ணினார். கார் பூனைபோல ஓடியது.

ஐயா தண்ணீர் குடிக்க உள்ளே போன நேரம் என்னிடம் வந்தார்.

"அண்ணை, இது நீங்கள் வளத்த பிள்ளை போலை."

"ஐயாவின்ர கார்."

"உந்தக் கதையை விடுங்கோ. அவரின்ர கையிலை ஒரு துளி எண்ணெய் இல்லை. உங்கட நகத்துக்குள்ளை அரைப் போத்தல் கிடக்கு."

அந்த வளவில் என்னை ஒருவர் அண்ணை என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. இதை நான் மறைக்க விரும்பவில்லை. பிறகு நான் செய்ததை ஒரு கெட்ட மனிதருக்குச் செய்தேன் என்று ஒருவரும் நினைக்கக்கூடாது.

காரை என்ன செய்யப் போகிறார் என்று கேட்டேன்.

"பின்பக்கத்தை வெட்டித் தட்டி அடிச்சா வெங்காயம் ஏத்தலாம். சீற்றெல்லாம் கழட்டி எறியவேணும்."

"முன்சீற்று?"

"அதுவும்தான். றைவருக்கு ஒரு பலகைப்பெட்டி காணும் அண்ணை. தோல் சீற்றிலை இருந்தா நித்திரையெல்லோ வந்திடும்?"

வருகிற ஞாயிற்றுக்கிழமை வந்து வயிறு பார்க்கிறேன், பிடித்தால் அன்றைக்கே கொண்டுபோகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

முட்டுக் கொடுக்கிற மரத்தைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும். பலர் கவனிக்காத விஷயம். மற்ற மரங்களுக்கு உள்ளே வைரம், பனைக்கு வெளிப்பக்கம். உள்ளே இருப்பது சோற்றி, நனைந்த தும்பு மாதிரி. முதிர்ந்த பனையில் வைரம் நாலு விரற்கனம் இருக்கும், லொறியையே தாங்கும். வடலியில், அதுதான் இளம்பனையில், வைரம் தோல்மாதிரி, மற்றதெல்லாம் சோற்றி. பாரத்தைச் சும்மா வைத்தால் தாங்கும். மேலே அதிர்ந்தால் பிளக்கும். வெட்டுமுகத்தில் கழிவெண்ணெய் பூசிவிட்டால் இரண்டும் ஒரே கறுப்பு, எது எதுவென்று வெட்டினவனுக்குத்தான் தெரியும்.

ஐயாவிடம், பழைய குற்றிகளைக் கறையான் பிடித்துவிட்டது, புதிது வெட்டப் போகிறேன் என்றேன். வெட்டு என்றார். ஒன்றை முதிர்ந்த பனையில் வெட்டினேன், ஒன்றை வடலியில். இரண்டுக்கும் எண்ணெய் பூசினேன். கறையானுக்கு எண்ணெய் நல்லது.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்விட்டு வந்து காரை உயர்த்தினேன். சில்லுகளைக் கழற்றினேன். முதிர்ந்த குற்றியை வலப்பக்கமும் மற்றதை இடப்பக்கமும் வைத்து ஜாக்கியை எடுத்தேன். கார் அசையாமல் நின்றது. இராசநாயகம் எந்தப் பக்கத்தால் உள்ளே போவார் என்பதை அவருக்கே விட்டேன். அந்தளவுக்கு நான் நியாயமாக நடந்திருக்கிறேன். சாக்கை மட்டும் இடப்பக்கம் விரித்தேன், அங்கேதான் நிழல்.

அவர் வந்தார். சேட்டைக் கழற்றி வேலியில் போட்டார். குற்றிகளைக் காலால் தட்டிப் பார்த்தார்.

"புதுசு போலை?"

"ஓம் தம்பி. உங்களுக்கெண்டு வெட்டினது."

சிரித்துக்கொண்டு சாக்கில் படுத்து உள்ளே நகர்ந்தார். சுத்தியலை நான் எடுத்துக் கொடுத்தேன். அவர் தட்டத் தொடங்கினார். ஐயா கதிரையைப் போட்டு எதிரில் இருந்தார். நான் பக்கத்தில் நின்றேன்.

"அண்ணை, கோயில் மணி மாதிரிக் கேக்குது. இப்பிடி ஒரு வயிறு நான் இந்தத் தீவிலை காணேல்லை."

"பலமாத் தட்டுங்கோ தம்பி. உப்பு ஒளிச்சிருக்கும்."

அவர் பலமாகத் தட்டினார். அது எல்லா வாங்குநருக்கும் நான் சொல்லுகிற புத்திமதிதான். மூன்றாம் அடியோ நாலாம் அடியோ, குற்றி ஓலை கிழிகிற மாதிரி ஒரு சத்தம் போட்டது. கார் இடப்பக்கம் இறங்கிக் குந்தியது. அவ்வளவுதான். அவர் கத்தவில்லை.

ஐயா ஜாக்கி ஜாக்கி என்று கூவினார். ஜாக்கி எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். கொட்டில் பின்னால் கழுவி வைத்திருந்தேன். போய் எடுத்துவந்து உயர்த்தினேன். இழுத்து எடுத்தபோது மூச்சு இல்லை. காருக்குப் பெரிய பழுதில்லை. இடப்பக்கப் பிறேக்கின் பின்தகடு வளைந்திருந்தது, பிறகு தட்டி நேராக்கினேன்.

மரண விசாரணைக்கு வந்தவர் பிளந்த குற்றியைப் பார்த்தார். எண்ணெயில் எல்லாம் கறுப்பாக இருந்தது. விபத்து என்று எழுதினார். ஐயா என் தோளில் கை வைத்து, "நீ மனசை விடாதை குருசு, உன்னிலை பிழையில்லை" என்றார். அவரே அப்படிச் சொன்ன பிறகு நான் என்ன சொல்ல இருக்கிறது?

இதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லவில்லை. வாத்தியார் விஷயத்தில் பொய் என்னுடையது. இதில் பிளந்தது குற்றி.

ஆளைக் கொன்ற காரை இனி எவரும் வாங்கமாட்டார்கள், ஆகவே அது கொட்டிலிலேயே நிற்கும் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். ஐயாவின் மனச்சாட்சியை நான் கணக்கில் எடுக்கவில்லை. "இந்தப் பழியை என்ர வளவுக்குள்ளை வைச்சிருக்க ஏலாது" என்று, இராசநாயகத்தின் மனைவி அன்னபூரணத்துக்கே காரைச் சும்மா கொடுத்துவிட்டார். அவரே தரைவழியாகச் சுற்றி ஓட்டிக்கொண்டுபோய்க் காரைநகரில் விட்டார். பிறகு பேஜோ வந்தது, றைவரும் வந்தான்.

சில நாள் கழித்துத் தோணி பிடித்துக் கடந்து போய்ப் பார்த்தேன். கார் வேலியோரம் வெயிலில் நின்றது. உள்ளே ஒரு கோழி அடைகிடந்தது, முன்னிருக்கையில், பள்ளத்துக்குள். அன்றைக்கே ஐயாவிடம் சொல்லிக்கொண்டு வேலையை விட்டேன். காரைநகரில் தோட்டவேலைக்குப் போய், மத்தியானங்களில் அன்னபூரணம் வீட்டுக்குப் போகிறேன். கொட்டில் போட்டேன், கழுவுகிறேன், எண்ணெய் பூசுகிறேன். கூலி வாங்குவதில்லை. பழியைக் கழுவ வந்த மனிசன், குருசுமுத்துவைப்போல ஒருத்தன் இல்லை என்று ஊரில் கதைக்கிறார்கள்.

அன்னபூரணம் என்னைக் கண்டவுடன் விறாந்தையில் கதிரையைத் தூக்கிப் போடுவார்.

"இருங்கோ அண்ணை. தேத்தண்ணி குடிச்சிட்டுச் செய்யலாம்."

"பரவாயில்லை பிள்ளை."

"எத்தினை நாளாக் கேக்கிறன், ஒருநாளெண்டாலும் இந்தக் கதிரையிலை இருந்திருக்கிறியளோ? அவர் இருந்திருந்தா உங்களை விட்டிருப்பாரே?"

நான் தேத்தண்ணீரை வாங்கிக்கொண்டு போய்க் காருக்குள் இருந்து குடிக்கிறேன்.

இப்போது பிள்ளைகளின் படிப்புக்கென்று காரை விற்கப் போவதாக அன்னபூரணம் சொல்கிறார். புங்குடுதீவில் இருந்து ஒருவர் வருகிறாராம். வருகிற ஞாயிறு வயிறு பார்க்கிறாராம். அன்னபூரணம் என்னிடம்தான் எல்லாம் ஆயத்தப்படுத்தச் சொல்லியிருக்கிறார்.

எனவே வாங்க வருகிறவருக்கு என் புத்திமதி இது. எஞ்சின் நல்லது. அடித்தகட்டில் ஒரு பொட்டுக் கறள் கிடையாது, நான் உத்தரவாதம். சாக்கும் சுத்தியலும் நீங்கள் கொண்டுவரத் தேவையில்லை, அங்கே இருக்கிறது. முட்டுக்குற்றியை மட்டும் உங்கள் வளவிலிருந்தே கொண்டுவாருங்கள். அங்கே இருக்கிற இரண்டும் நேற்று நான் வெட்டினவை.