ரெண்டாவது வரி

இல்ல கண்ணு, நீ எத்தன தடவ அந்தப் பேப்பர நீட்டினாலும் நான் சொல்றது இதேதான். மொத வரி சரி. என் பேரு வெர்னா டிப்டன், வயசு அம்பத்தொம்பது, நாஷ்வில்லுல முப்பத்தஞ்சு வருஷமா பாடுறேன். எல்லாம் உள்ளதுதான். மூணாவது வரிலேர்ந்து கடைசி வரைக்கும் அதுவும் சரி. அந்த ரெண்டாவது வரிய மட்டும் எடுத்துரு, இந்த வேன் மேலயே வச்சுக் கையெழுத்துப் போட்டுத் தர்றேன். செவ்வாக்கெழம வாஷிங்டனுக்கும் வர்றேன். சட்டம் போடுற அந்த மெம்பருங்க முன்னாடி உக்கார வையி, பேசுறேன். திட்டணும்னா திட்டுறேன், அதுல எனக்கு நல்ல பழக்கம்.

கொஞ்சம் இந்தாண்ட வந்து நில்லு. மீன் வறுத்த எண்ணெய அந்தத் தொட்டியிலதான் கொண்டாந்து ஊத்துறானுங்க. மூக்கப் பொத்திக்கிட்டா என்ன ஆச்சு, துணியில ஏறிடும், ராத்திரி குளிச்சாலும் போகாது. மேடைன்னு முன்னாடி என்ன வெளிச்சம், என்ன அலங்காரம். பாடுறவங்க உள்ள வர்ற வழி இதுதான். எலி வர்ற வழியும் இதான்.

அந்தப் பக்கக் கைப்பிடியப் புடி. ஒண்ணு, ரெண்டு... தூக்கு. அட, பாட்டுக்காரங்க சங்கத்து ஆபீஸுல சோறு போடமாட்டாங்களா? ஸ்பீக்கர்தான் புள்ள, யானையா? ஆங். அப்டியே உள்ள தள்ளு.

என்னது, பதிவு பண்ணிக்கிறியா? பண்ணிக்கோ. செல்போன வேன் மேல வச்சுட்டுக் கையக் கட்டிக்கிட்டு நில்லு, கேக்குறேன்னு தலைய ஆட்டாத, எனக்குப் பேச்சு வராது.

இன்னிக்குப் பாத்தல்ல. காலைல பத்து மணிக்கு ஏறினேன், மத்தியானம் ரெண்டு மணிக்கு எறங்கினேன். நடுவுல ஒண்ணுக்குப் போக முடியாது, பாட்டு நின்னா கூட்டம் பக்கத்து பார் கடைக்குப் போயிரும். கடைக்காரன் குடுக்குற கூலி பார்க்கிங்குக்கே சரியாப் போகுது. மிச்சமெல்லாம் கூட்டத்துல காசுக்குச் சுத்தி வர்ற அந்தப் பிளாஸ்டிக் வாளிதான். பாடிக்கிட்டே கண்ணால வாளி எங்க போகுதுன்னு பாக்கணும். இருவது டாலர் போட்டா கேட்ட பாட்டு. கல்யாணத்துக்கு முன்னாடி கூத்தடிக்க வந்த பொண்ணுங்க கூட்டம் ஒண்ணு, ரோஸ் கலர் பூட்ஸு, ரோஸ் கலர் தொப்பி, பதினோரு மணிக்கே தள்ளாடிக்கிட்டு, மூணு பேரு மேடையில ஏறி என் மைக்கப் புடுங்கி ஊளையிட்டுச்சுங்க. சிரிச்சேனா இல்லையா? பல்லு பூரா தெரிய சிரிச்சேன். சீ. வீட்டுக்குப் போயி அந்தச் சிரிப்பக் கழட்டி வைக்க ஒரு கிண்ணம் இருந்தாத் தேவல.

சரி, ரேடியோ. அதத்தான கேட்ட.

தொண்ணூத்தி மூணுல அந்தப் பாட்டப் பதிவு பண்ணோம். ஆத்துக்கு அந்தக் கரைன்னு பேரு. எழுதினது ஹாலிஸ் பெர்க். நல்ல மனுஷன், குத்தம் சொல்லக் கூடாது, ஒரு கிறிஸ்மஸுக்குப் பன்னித் தொட ஒண்ணு அனுப்பினான். அன்னிலேர்ந்து இன்னிக்கு வரைக்கும் ரேடியோவுல அந்தப் பாட்டு ஓடும்போதெல்லாம் ஹாலிஸுக்குக் காசு. மூணு மாசத்துக்கு ஒருக்கா செக்கு வரும். எழுதினவனுக்கு உண்டு, மெட்டுப் போட்டவனுக்கு உண்டு. பாடினவளுக்குக் கெடையாது. கிதார் வாசிச்சவனுக்குக் கெடையாது. ட்ரம்ஸ் அடிச்சவனுக்குக் கெடையாது. இந்த நாட்டுச் சட்டமே அப்டி. வெளிநாட்டுல எல்லாம் குடுக்குறாங்களாமே, நீதான சொன்ன. அங்க நம்ம பாட்டு ஓடினாலும், ஒங்க ஊருல எங்க ஆளுங்களுக்கு நீங்க குடுக்குறதில்ல, நாங்க மட்டும் ஏன் குடுக்கணும்னு நிறுத்தி வச்சுக்குறானாம். கேக்க நாயமாத்தான் இருக்கு. போன்ல கேக்குற ரேடியோவாவது ஏதோ சில்லற போடுது. காருல வர்ற ரேடியோ, கடையில வர்ற ரேடியோ, ஒரு சல்லிக் காசு இல்ல.

ஹாலிஸு படகு வாங்கிட்டான். பாட்டுப் பேரையே படகுக்கு வச்சிருக்கான். எனக்குப் போட்டோ அனுப்புறான்!

கேட்டா ரேடியோக்காரன் என்ன சொல்லுவான் தெரியுமா? ஒங்களுக்கு வெளம்பரம் பண்றோம்மா, நீங்கதான் எங்களுக்குக் குடுக்கணும்பான். வெளம்பரம். காலை நிகழ்ச்சிக்குக் கூப்புடுவான், அஞ்சு மணிக்கு எழுந்து போயி, பச்சத் தொண்டையில மூணு பாட்டு. முடிச்சதும் கோப்ப ஒண்ணு குடுப்பான், அவன் ஸ்டேஷன் பேரு போட்டது. என் வீட்டு அலமாரியில ஏழு இருக்கு. நான் காப்பியே குடிக்கிறதில்ல, நெஞ்செரிச்சல்.

போன மாசம் கடவாப்பல்லு. டாக்டர் வாயப் பொளந்து பாத்துட்டு நானூறு டாலருங்குறான். கூரையில ரேடியோ. என்ன ஓடுது சொல்லு? அதேதான். வாயில பஞ்ச வச்சுக்கிட்டே கையக் காட்டி, அது நான், அது நான்னு சொல்றேன். அவனுக்குப் புரிஞ்சுருச்சு, அப்டியே பூரிச்சுப் போனான். எங்கம்மாவுக்கு உசுரும்மா இந்தப் பாட்டுன்னான். நர்ஸக் கூப்ட்டுப் போட்டோ எடுத்துக்கிட்டான், வீங்கின கன்னத்தோட. அப்புறம்? அப்புறம் நானூறு டாலர்தான். என் பாட்டக் கேட்டுக்கிட்டே என் பல்லப் புடுங்கினான்.

சிரி, சிரி. அதையும் எழுதிக்கோ, மெம்பருங்க சிரிக்கட்டும். சிரிச்சுட்டுச் சாப்புடப் போயிருவானுங்க. எல்லாம் ஒரே குட்டையில ஊறின மட்டைங்க. ரேடியோக்காரன், ரெக்கார்டு கம்பெனிக்காரன், கடைக்காரன். நெனச்சாலே கொமட்டுது.

ஏன் அந்த வரியிலயே வந்து நிக்கிற? அதான் பேசுறேன்னு சொல்லிட்டேன்ல. மிச்சம் பதினாலு வரி இருக்கே, பல்லு, கோப்ப, படகுன்னு எல்லாத்தையும் சேத்துக்கோ. அதுதான் முக்கியமான வரியா? அது இல்லாம பேப்பரே நிக்காதா?

படி பாப்போம். சத்தமா படி.

ம். அந்தப் பாட்டுல நீங்க கேக்குற குரல் என் குரல். நல்லா எழுதியிருக்க. காலேஜு படிச்ச புள்ள. சத்தியம் பண்ணிச் சொல்லணுமா அத? கையத் தூக்கிக்கிட்டா? சரிதான்.

இந்த மைக் வயரச் சுத்தித் தா. அப்டி முறுக்காத, செத்துப்போகும். வளையமா, கைக்கு அடங்குற மாதிரி. ஆங்.

அந்த ஒஹையோக்காரன் சொன்னதுக்கா நான் மூஞ்சத் தொங்கப் போட்டேங்குற? அட நீ ஒருத்தி. இருவது டாலர் போட்டான், ஆத்துக்கு அந்தக் கரை கேட்டான், நாந்தான் பாடினதுன்னு கூட அவனுக்குத் தெரியாது. முடிச்சதும் வந்து, பரவால்லம்மா, ஆனா ஒரிஜினல்ல அந்த எடத்துல குரல் மேல ஏறி நிக்குமே, நீங்க ஏத்தலயேன்னான். நீ அவனக் கோவமா மொறச்ச, நான் பாத்தேன். அவன் மேல என்ன தப்பு? காது உள்ளவன். ஏறும். ஏறி, நின்னு, அங்கயே கொஞ்ச நேரம் ஒலாத்திட்டு எறங்கும். அந்த எடத்துக்காகத்தான் அந்தப் பாட்டே ஓடுது. மத்ததெல்லாம் சும்மா, நூறு பாட்டுல இருக்குற சரக்குதான்.

வயசாயிட்டா எல்லாருக்கும் எறங்கும்னு நீ நல்ல மனசோட சொல்ற. இருவத்தெட்டு வயசுலயும் எனக்கு அது ஏறல, கண்ணு.

ஸ்டுடியோவ பத்துலேர்ந்து ஒரு மணி வரைக்கும் வாடகைக்கு எடுத்திருந்தோம். முந்தின நாளு இதே தெருவுல ரெண்டு ஷிப்டு பாடிட்டுப் போயிருக்கேன். பாட்டோட கீழ்ப்பகுதி எல்லாம் நல்லா வந்துச்சு. மேல போற எடம் வந்தா, காத்துதான் வருது. மூணு தடவ. நாலு தடவ. தேனு குடிச்சேன், சுடுதண்ணி குடிச்சேன். பதிவு பண்ற மேத்தியூஸ் கடியாரத்தப் பாக்குறான். மணி பன்னெண்டே முக்கால். வெளிய சோபாவுல, எங்க பக்கத்து ட்ரெய்லர் வீட்டுப் பொண்ணு, ஓபல்னு, எட்டு மாசத்து எம்பையன மடியில போட்டுக்கிட்டு உக்காந்திருக்கா. பிள்ளயப் பாத்துக்கக் கூட்டிட்டுப் போனது. அவன் அழுவுறான்னு அந்த மேல் எடத்தையே மெதுவா பாடித் தட்டிக்கிட்டு இருக்கா. காலைலேர்ந்து பத்துத் தடவ கேட்டதுல மனப்பாடம் ஆயிருச்சு. மேத்தியூஸ் கதவத் தெறந்தவன் அப்டியே நின்னுட்டான். ஏம்மா, உள்ள வர்றியான்னான்.

பையன என் கையில குடுத்துட்டு உள்ள போனா. ஒரே டேக்கு.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் பிள்ளையோட நான். அவன் தூங்கிட்டான், பாவி.

ரெண்டு பேரும் ஒரே ஊருத் தண்ணி குடிச்சு வளந்தவளுங்க, பேசினாலே ஒண்ணு போல இருக்கும். ஒட்டிப் போட்டுக் கேட்டா தையல் தெரியல. அப்ப எங்க வழக்கம் ஒண்ணு உண்டு. யாரு பாடினாலும், யாரு வாசிச்சாலும், கெளம்புறதுக்கு முன்னாடி அட்டையில பேரு எழுதணும். அட்டையில இருந்தாத்தான் அந்த ஆளு அங்க இருந்ததுக்குக் கணக்கு. மேத்தியூஸ் பேனாவோட நிக்கிறான். இந்தப் பொண்ணு பேரு என்னன்னு கேக்குறான். அவகிட்ட கேக்கல, என்னப் பாத்துக் கேக்குறான்.

நான் சொன்னேன், பரவால்ல, அவ நம்ம ஆளுதான்னு.

அவ்வளவுதான். வேற ஒண்ணும் சொல்லல. அட்டையில எழுதாம பேனாவ மூடிட்டான். போற வழியில அவளுக்குக் கெளுத்தி மீன் வறுவல் வாங்கிக் குடுத்தேன், ரெண்டு துண்டு கூடவே.

இப்ப சொல்லு, ரேடியோக்காரன நான் எந்த வாயால திட்டறது? ஒங்களுக்கு வெளம்பரம்தான பண்றோம்னு அவன் சொல்றான். நான் அது கூட சொல்லல.

மேடையில எப்டி சமாளிக்கிறேங்குறியா? இன்னிக்கு நீயே பாத்த. அந்த எடம் வந்ததும் மைக்கக் கூட்டத்துப் பக்கம் திருப்பிருவேன். பாடுங்கன்னு கையத் தூக்குவேன். அம்புட்டுப் பேரும் கத்துவாங்க. என்ன பெருந்தன்மை பாருன்னு எல்லாருக்கும் நெனப்பு. முப்பது வருஷமா இதே வேலதான்.

தெரியும், தெரியும், எழுதிக்கிட்டுதான் இருக்க. நிறுத்த வேணாம். ஓபலா? ஏன், நல்லாத்தான் இருக்கா. பள்ளிக்கூடத்துச் சமையக்கட்டுல இருந்தா, முட்டி போயிருச்சு, வேலைய விட்டுட்டா. ஒரு நாளும் கேட்டதில்ல. ஏன்டி இப்டிப் பண்ணேன்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா சண்ட போட்டிருப்பேன், பொய் சொல்லியிருப்பேன், ஏதோ ஒரு வழியில முடிஞ்சிருக்கும். எம்பையன் கல்யாணத்துக்குக் கேக்கு செஞ்சு எடுத்துட்டு வந்தா. வெள்ளிக்கெழம ஆனா பத்து மணி ஷிப்டுக்கு வந்து பின்னாடி உக்காந்துருவா. ஒரே ஒரு ஐஸ் டீ.

இன்னிக்கு என்ன கெழம? அதான்.

ஒன் மேசையிலதான் உக்காந்திருந்தா. நீல ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு, நீ பையத் தேடும்போது நாற்காலிய நகத்தி எடம் விட்டாளே, அந்தம்மா. நான் மைக்கத் திருப்பினப்ப நீ கவனிச்சிருக்க மாட்ட, நீயும் கையத் தட்டிக்கிட்டுப் பாடிட்டு இருந்த. அந்தக் கட பூராவும் வாயத் தெறக்காம உக்காந்திருந்தது அவ ஒருத்திதான்.