மூணு நாட்டு போலீசும் ஒரு மீன்தலக் கறியும்

...என்னத்த சொல்ல தம்பி! ஒரு மீன்தலக் கறி போட்டோ போட்ட மனுசன் மேல மூணு நாட்டு போலீசு சேந்து வந்து விழுந்தா என்னத்த சொல்ல! உக்காருங்க, உக்காருங்க. கோலாலம்பூர் பஸ்ஸா? யோங் பெங்ல இருவது நிமிசம் நிக்கும் லா. நொர வர ஆத்துன டீ, தே தாரிக், இப்ப வந்துரும், நீங்க கேளுங்க.

நாப்பது வருசம் தம்பி இந்தக் கடையில. ருக்னுதீன் கடைன்னா பொந்தியான் வரைக்கும் தெரியும். மருமவ ருமானாதான் கடைக்கு ஃபேஸ்புக்கு தொறந்து குடுத்தா. "மாமா, கறி போட்டோ மட்டும் போடுங்க"ன்னா. கறிய எவன் பாக்குறான்? மூணு லைக்கு. அதுல ஒண்ணு நான், ஒண்ணு சிங்கப்பூர்ல வேல செய்யிற எம் மவன். ஒரு நாளு பேத்தி ஆப்ரின கறிச்சட்டி பக்கத்துல நிக்க வச்சு போட்டேன். அலமாக்! நானூறு லைக்கு! அப்புறம் விடுவனா? ஸ்கூல் சட்டையோட, நேம் டேக்கோட, ஓட்டப்பந்தயக் கோப்பையோட... தெனம் ஒரு கறி, தெனம் ஒரு ஆப்ரின்.

அதுல வந்து சேந்தான் ஒரு வெள்ளக்காரன். ஏதோ குளுரு நாடு, பேரு வாயில நொழையல. மொதல்ல கறி சூப்பருன்னான். அப்புறம் பாப்பாவுக்கு என்ன வயசு, எப்ப வீட்டுக்கு வரும்... கஸ்டமர் கேக்குறாரேன்னு எல்லாத்துக்கும் பதில் போட்டேன். ஞாயித்துக்கெழம பாப்பாகிட்ட தனியா பேசணும், நம்பர் குடுங்கன்னான். அவ டேப்லெட்டு நம்பர குடுத்துட்டேன். கூடவே மீன்தலக் கறி செய்யிற வெதமும்!

அதுக்கு மொத நாளு சனிக்கெழம, சரியா சோத்து நேரம், மூணு போலீசு உள்ள வர்றாங்க. லைசென்சு பாக்க வந்திருக்காங்கன்னு கோழிக்காலு எடுத்து வச்சேன். தொடவேயில்ல! வெசயம் என்னன்னா, அந்த நாட்டுல அவன புடிச்சுட்டாங்க. கம்ப்யூட்டர தொறந்தா எந்தெந்த நாட்டுப் புள்ளைங்க படமோ... அதுக்கு நடுவுல எங்க பாப்பா. பின்னால என் கடை போர்டு, பளிச்சுன்னு. அவங்க பக்கத்து நாட்டு போலீசுக்கு சொல்லி, அங்கேர்ந்து கோலாலம்பூருக்கு சேதி வந்து, இங்க வந்துட்டாங்க. சாக்கட அடச்சுருக்குன்னு மூணு வருசமா எழுதுறேன், ஒருத்தன் எட்டிப் பாக்கல. இதுக்கு ரெண்டே நாளு!

"அவன புடிக்க மட்டும் இன்னும் மூணு நாளு பிந்தியிருந்தா பாய்..."ன்னு, வந்தவங்கள்ல ஒருத்தங்க, இன்ஸ்பெக்டர் வாசுகி, பாதியில நிறுத்துனாங்க. அல்லா காப்பாத்துனான். அந்த மூணு நாடும் நல்லாருக்கட்டும்.

ஆனா கோவம் வருமா வராதா, நீங்களே சொல்லுங்க. ருமானா போன புடுங்கிட்டா. இந்தா, பட்டன் போனு! இன்ஸ்பெக்டர் அம்மா பாடம் வேற எடுக்குறாங்க. புள்ள பேரு, ஸ்கூலு, வர்ற நேரம், தெரியாதவங்ககிட்ட எதையும் சொல்லக்கூடாதாம். ஏம்மா, தெரியாதவங்ககிட்ட பேசாம இந்த மாமாக் கடைய, நம்ம தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடைய, எப்படிம்மா நடத்துறதுன்னேன். இங்க வர்றவன் பூராவும் தெரியாதவன்தான! எங்க அத்தா காலத்துலேர்ந்து பேசிப் பேசித்தான ஆள சேத்தோம்!

நான் என்ன வெவரமில்லாதவனா? இப்பல்லாம் ஒரு வார்த்த வெளிய விடுறதில்ல. பாப்பா மூணாங் கிளாசு. அந்தா, பெட்ரோல் ஸ்டேசன் தாண்டி பச்ச கேட்டு தெரியுதுல்ல, அந்த ஸ்கூலுதான். ஒன்னேகாலுக்கு பெல்லு. தலைக்கு முக்காடா வெள்ள தூடோங், மஞ்சப் பையி. ருமானாவுக்கு அந்நேரம் அடுப்படி, அதனால தனியாதான் நடந்து வருவா. இதெல்லாம் யாருகிட்டயாச்சும் சொல்லுவனா? வாயே தொறக்குறதில்ல.

...ஆமா, தம்பிக்கு எந்த ஊரு?

பேரு?

ஏன் எந்திரிக்கிறீங்க? பஸ்ஸு இன்னும் ஹாரன் அடிக்கலியே... தே தாரிக் நொர கூட அடங்கல... தம்பி! மணி என்ன? ஒன்னு பத்தா?

என் செருப்பு எங்க? ருமானா! ஏம்மா ருமானா! இன்னிக்கு பாப்பாவ நான் போயி கூட்டியாறேன்! ...ஒண்ணுமில்லம்மா, சும்மாதான். யாருகிட்டயும் ஒண்ணும் சொல்லல.

...சொல்லிட்டேன்மா. எல்லாத்தையும். போனே இல்லாம.